பி பெட்டியில் இருந்த ஆள்

இரண்டு ஸ்டீரியோ செட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாடவிட்டு, விற்க நினைக்கிற செட்டின் வால்யூமை மட்டும் ஒரு நூல் ஏற்றி வைத்தால் போதும். வாங்க வந்தவர் ‘சத்தம் ஜாஸ்தி’ என்று சொல்ல மாட்டார். “இதுல சவுண்டு கிளியரா இருக்கே” என்பார். பர்மா பஜாரில் இருபத்தாறு வருஷம் கடை போட்டிருந்த வைரக்கண்ணுவுக்கு இந்த வித்தையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். ஆகவே, ஐம்பத்தெட்டாவது வயதில், வீட்டில் உட்கார்ந்து பாட்டுக் கேட்டு மார்க் போடுகிற வேலைக்கு ஓசூரிலிருந்து ஒரு கம்பெனி அவரைத் தேர்ந்தெடுத்தபோது, அவர்கள் அனுப்பிய தாளின் முதல் வரியைப் படித்துவிட்டு மெச்சிக்கொண்டார். ‘இரண்டு பெட்டிகளின் ஒலி அளவும் சமமாக உள்ளதா என்று மீட்டர் வைத்துச் சரிபார்க்கவும்.’

“பரவால்ல, வெவரமான பசங்கதான்” என்று வாய்விட்டே சொன்னார். கேட்பதற்கு வீட்டில் யாரும் இல்லை.

இரண்டாயிரத்து நாற்பதுகளில் இப்படி ஒரு வேலை முளைத்ததற்குக் காரணம் உண்டு. எண்களாகக் கிடக்கிற பாட்டை ஒலியாக மாற்றித் தருகிற பெட்டிக்கு டேக் என்று பெயர். அந்த ஒலியை ஹெட்போன் வரைக்கும் தெம்பாகத் தள்ளிவிடுவது ஆம்ப். இரண்டையும் கம்பெனிக்காரர்கள் செதுக்கிச் செதுக்கி, குறையென்று ஒன்றுமே மிச்சமில்லாமல் செய்துவிட்டார்கள். ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டியும் ஐந்து லட்சம் ரூபாய்ப் பெட்டியும் மீட்டருக்கு ஒன்றுதான் என்றாகிவிட்டது. ஆனால் ஐந்து லட்சத்தையும் யார் தலையிலாவது கட்டியாக வேண்டுமே. அதனால் மீட்டரை ஓரங்கட்டிவிட்டு, ‘உங்களுக்கு எப்படி இருக்கு?’ என்று மனிதர்களைக் கேட்க ஆரம்பித்தார்கள். கேட்கப்படுகிறவருக்குக் காது கெடாமல் இருக்க வேண்டும், வீடு அமைதியாக இருக்க வேண்டும், கூட யாரும் இருக்கக் கூடாது. மூன்றும் வைரக்கண்ணுவிடம் இருந்தன. மூன்றாவது தாராளமாகவே இருந்தது.

அவர் மனைவி திலகவதி கரூரில் தங்கை வீட்டுக்குப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. சண்டை என்று சொல்லும்படி எதுவும் நடக்கவில்லை. “இருபத்தோரு வருஷமா ஆக்கிப் போடறேன். ஒரு நாளாவது நல்லாருக்குன்னு சொல்லிருக்கீங்களா?” என்று கேட்டாள். “நல்லா இல்லன்னா சாப்ட்டிருப்பனா?” என்றார். அவள் பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். தன் பக்கம் நியாயம் இருப்பதாகவே அவர் இன்றைக்கும் நினைக்கிறார். பிடித்த பொருளைக் கண்டு கண்ணை விரிக்காதே என்பதுதான் பஜாரில் வளர்ந்தவனுக்கு அரிச்சுவடி. பிடித்திருக்கிறது என்று எதிராளிக்குத் தெரிந்தால் தொலைந்தது. கையில் எடு, திருப்பிப் பார், உதட்டைப் பிதுக்கு, கீழே வை, இரண்டடி நட, தானாகக் கூப்பிடுவான். கடையைப் பூட்டும்போது இந்தப் பழக்கத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வரத்தான் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

வியாசர்பாடி அடுக்ககத்தில் நாலாவது மாடி. மேஜையில் ஏ, பி என்று டேக்கும் ஆம்பும் அடங்கிய இரண்டு கறுப்புப் பெட்டிகள், நடுவில் மாற்றிக்கொள்ள ஒரு சுவிட்ச், பஞ்சு குஷன் வைத்த ஒரு ஹெட்போன். தினமும் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி வரை கேட்க வேண்டும். ஒற்றைத் தேதியில் பாட்டு அவர் விருப்பம். இரட்டைத் தேதியில் பாட்டு தானாக வரும். நாற்பது நாள்.

ஏ பெட்டியில் பாட்டு பாட்டாக இருந்தது. பி பெட்டியிலும் அதே பாட்டுதான். ஆனால் ஏதோ ஒரு வெதுவெதுப்பு. யாரோ இப்போதுதான் எழுந்து போன நாற்காலியில் போய் உட்கார்ந்தால் தெரியுமே, அந்த மாதிரி.

‘வால்யூமை ஏத்தி வெச்சிருக்கான்’ என்றுதான் முதலில் நினைத்தார். மீட்டர் வைத்துப் பார்த்தார். இம்மிகூட வித்தியாசமில்லை. கண்ணை மூடிக்கொண்டு சுவிட்சைக் கன்னாபின்னாவென்று தட்டிவிட்டு, எந்தப் பெட்டி என்று சொல்லிப் பார்த்தார். இருபதுக்குப் பத்தொன்பது சரி. தப்பிய ஒன்றும் கீழ்வீட்டுக் குக்கர் விசிலடித்ததால் தப்பியது.

ஒன்பதாம் நாள் பழைய மேடைக் கச்சேரி ஒன்றைப் போட்டார். அதில் பாடுகிற அம்மாள் இரண்டாவது அடிக்கு முன்னால் ஒரு நீள மூச்சு இழுப்பார். வைரக்கண்ணு எப்போதும் அந்த இடத்தில் தானும் மூச்சைப் பிடித்துக்கொள்வார். பி பெட்டியில் அன்று அவரோடு சேர்ந்து இன்னொன்றும் பிடித்துக்கொண்டது. பக்கத்து சீட்டுக்காரர் முன்னால் சாய்வது திரும்பிப் பார்க்காமலே தெரிவது போல. கடம் தனியாக வாசிக்கிற இடத்தில் அது சுறுசுறுப்பானது. வயலின் நீண்டுகொண்டே போனபோது கவனம் கழன்றுபோனது. வைரக்கண்ணுவின் கவனமல்ல, அவர் ஒழுங்காகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். இதையெல்லாம்கூட மனப்பிரமை என்று தள்ளியிருப்பார். ஆனால் தினமும் நாலு பத்துக்கு அது எழுந்து போய், ஐந்தாறு நிமிஷத்தில் திரும்பி வந்தது. மெஷின் டீ குடிக்கப் போகாது.

கம்பெனியில் அவருக்குப் பொறுப்பான பெண் ஷெரின். போன் போட்டார்.

“ஷெரின்ம்மா, பி பெட்டில யார வெச்சிருக்கீங்க?”

“புரியல சார்.”

“நாலு பத்துக்கு டீ குடிக்கப் போறாங்களே, அவங்கதான்.”

அந்தப் பக்கம் நாற்காலி நகர்ந்தது. கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. குரல் தணிந்து வந்தது.

“சார், நான் சொன்னேன்னு எங்கயும் எழுதிராதீங்க. நம்ம காது இருக்கில்ல, அது கேக்கறப்ப சும்மா கேட்டுட்டு இருக்காது. உள்ளுக்குள்ள தானும் ஒரு சத்தம் போடும். ரொம்பச் சின்னது, நமக்கே கேக்காது. பொறந்த கொழந்தைக்குக் காது டெஸ்ட் பண்றதே அத வெச்சுத்தான்.”

“சரி.”

“ஆசையா கேட்டா அந்தச் சத்தம் ஒரு மாதிரி இருக்கும், அலுப்பாக் கேட்டா வேற மாதிரி. உங்க ஹெட்போன் குஷனுக்குள்ள அத எடுக்கற மைக் இருக்கு. பி பெட்டி அத எடுத்து இன்னொருத்தர் பாட்டுக்கு அடியில லேசாச் சேத்துரும். அவங்களோடது உங்களுக்கு வரும். ஒரே நேரத்துல ஒரே பாட்டு.”

“அப்போ அவங்க கேக்கறது எனக்குக் கேக்குது.”

“கேக்குதுன்னு சொல்ல முடியாது சார். ஆள் இருக்கற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.”

“எந்த ஊரு?”

“சொல்லக் கூடாது.”

“ஆம்பளையா, பொம்பளையா?”

“சார்!”

“வயசாவது சொல்லேம்மா. கரெக்டா வேணாம், கூடக் கொறச்சு.”

“இதுல பேரமே கெடையாது சார்.”

“நான் இருக்கறது அவங்களுக்குத் தெரியுமா?”

“நீங்க ஒம்போதாவது நாள் கண்டுபிடிச்சிருக்கீங்க. அவங்க ஏழாவது நாளே போன் பண்ணிட்டாங்க. இரட்டைத் தேதியில வர்ற பாட்டெல்லாம் அவங்க போடறதுதான்.”

வைரக்கண்ணு பி பெட்டியை ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு, வியாபாரி கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

“யாருக்கும்மா இதெல்லாம்?”

“தனியா இருக்கறவங்களுக்கு சார். நாப்பது நாள் முடிஞ்சு ரெண்டு பேருக்கும் புடிச்சிருந்தா, அந்த ஜோடிக்கே பெட்டிய வித்துரலாம், லைன் அப்படியே இருக்கட்டும்னு ஒரு யோசனை.”

“என்ன வெல?”

“உங்க ரிப்போர்ட்ட பாத்துட்டுத்தான் வெல போடுவாங்க.”

அவள் சொன்னதிலேயே இந்தக் கடைசி வாக்கியம்தான் அவர் காதில் நன்றாகத் தங்கியது.

அதன் பிறகு மூன்று மணி என்பது வேறு மாதிரி மணியாகிவிட்டது. அவர் அதற்காகச் சவரம் செய்துகொண்டார். சட்டை மாற்றினார். யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்தும், சாப்பிட்ட தட்டைக் கழுவி வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தார். நாலு பத்துக்கு அவரும் எழுந்து அடுப்பில் டீ போட்டார்.

இரட்டைத் தேதிகளில் அந்த ஆள் பாட்டுப் போடுகிற அழகை அவர் ரசித்தார். எடுத்த எடுப்பில் நல்லதைப் போடுவதில்லை. முதலில் கரகரவென்று இரைச்சலடிக்கிற ஒலிப்பதிவு, அப்புறம் சுமாராக ஒன்று, ‘சரி, இவ்வளவுதான் போலிருக்கு’ என்று நாம் சலித்துக்கொள்கிற நேரத்தில் அள்ளிக்கொண்டு போகிற மாதிரி ஒன்று. ஜவுளிக்கடையில் புடவை எடுத்துப் போடுகிற மாதிரிதான். கெட்டிக்கார ஆள், என்று மனதுக்குள் தட்டிக்கொடுத்தார். தன் முறை வந்த ஒருநாள் இவர் வேண்டுமென்றே படுகேவலமான ஒரு விளம்பரப் பாட்டைப் போட்டுவிட்டார். அந்தப் பக்கம் கவனம் விட்டு விட்டுக் குலுங்கியது. சிரிப்பு என்று தீர்மானித்தார். அன்று அதை மூன்று தடவை போட்டார்.

திலகவதியாக இருக்குமோ என்றும் ஒருநாள் யோசித்தார். இருக்காது. அவளாக இருந்தால் இரண்டாவது நாளே அடையாளம் கண்டு ஹெட்போனைக் கழற்றி வைத்திருப்பாள்.

இருபத்தேழாம் நாள் அந்த ஆள் வரவில்லை. இரண்டு மணி நேரமும் பி பெட்டி ஏ பெட்டியாகவே கிடந்தது. வைரக்கண்ணு ஒயரைப் பிடுங்கிச் செருகினார், ஹெட்போனைத் தட்டினார், ஜன்னலுக்கு வெளியே எட்டிப் பார்த்தார்; ஜன்னலுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்கே தெரியாது. மறுநாள் வந்தது. ஒரு பக்கக் காது மந்தமாக, அடைத்த மாதிரி. ஜலதோஷம். சொல்லி அனுப்ப வழியில்லை. அன்று இரவுச் சாப்பாட்டுக்குத் தனக்கு மிளகு ரசம் வைத்துக் குடித்தார். வேறென்ன செய்ய முடியும்?

முப்பத்தெட்டாம் நாள் ரிப்போர்ட் எழுத உட்கார்ந்தார்.

பி பெட்டியை விட முடியாது என்பது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. சிக்கலே அதுதான். பத்துக்குப் பத்து போட்டால், ‘மாட்டிக்கிச்சு ஒண்ணு’ என்று கம்பெனிக்காரன் விலையை எங்கேயோ கொண்டு போய் வைப்பான். மூன்று மணிக்காகச் சவரம் செய்துகொள்கிற மனுஷனிடம் என்ன விலையும் சொல்லலாம். ஆகவே முறைப்படி செய்தார். பத்துக்கு இரண்டு மார்க். ‘வெதுவெதுப்பு அதிகம், தெளிவு பற்றாது. பெட்டியின் ஓரத்தில் பெயிண்ட் சரியில்லை. இந்த மாதிரிப் பொருளுக்கு ஆள் கிடைப்பது கஷ்டம். அடிமாட்டு விலை என்றால் யோசிக்கலாம்.’

திருத்தமாக வந்திருந்தது. அனுப்பிவிட்டார். இனி அவர்கள் கூப்பிடுவார்கள், இவர் இழுப்பார், அவர்கள் இறங்குவார்கள், இவர் மனசில்லாமல் ஏறுவார், நடுவில் எங்கேயாவது படியும். சுரத்தில்லாமல் ஒரு ‘ம்’ கொட்டுவதைக் கண்ணாடி முன் நின்று ஒருமுறை சொல்லிக்கூடப் பார்த்துக்கொண்டார்.

நாற்பதாம் நாள் நாலு பத்துக்கு அந்த ஆள் டீக்குப் போனது. நாலு இருபதாகியும் வரவில்லை. நாலு இருபத்தைந்துக்கு ஷெரின் கூப்பிட்டாள்.

“சார், ரிப்போர்ட் வந்துச்சு. ரொம்ப நன்றி. நாளைக்கு ஆள் வந்து பெட்டிய எடுத்துப்பாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்கு லைன் கட் ஆயிரும்.”

“ம்” என்றார், தயாரித்து வைத்திருந்தபடியே. கொஞ்சம் காத்திருந்தார். “அப்புறம்?”

“அப்புறம் ஒண்ணும் இல்ல சார்.”

“வெல சொல்லவே இல்லயேம்மா.”

“என்ன வெல? புராஜெக்டயே மூடிட்டாங்க சார்.”

“மூடிட்டாங்களா? ரெண்டு மார்க் போட்டா உடனே மூடிருவீங்களா? ஒரு பேச்சு வார்த்தை கெடையாதா?”

“ரெண்டு மார்க்னா புடிக்கலன்னுதான சார் அர்த்தம்?”

இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அவர் ஐம்பத்தெட்டு வருஷத்தை விளக்க வேண்டியிருந்தது. நேரம் இல்லை.

“நாப்பது நாளும் தவறாம கேட்டிருக்கேன். என் காதுக்குள்ளயே மைக்க வெச்சிருக்கீங்க. எனக்குப் புடிச்சுதா புடிக்கலயான்னு அதுக்குத் தெரியலயா?”

“காது சொல்றத நாங்க வெச்சுக்கக் கூடாது சார், சட்டம். அந்தப் பக்கம் போனதும் அழிச்சிரணும். வாய் சொல்றத மட்டுந்தான் எடுத்துக்கலாம்.” அவள் குரலில் சலிப்பு இருந்தது. “மூணு ஜோடி எடுத்தோம். மத்த ரெண்டு ஜோடியும் பாதியிலயே விட்டுட்டாங்க. நாப்பது நாளும் இருந்தது உங்க ஜோடிதான். உங்கள நம்பித்தான் சார் நான் மேல பேசி வெச்சிருந்தேன்.”

“சரி, நான் மாத்தி எழுதறேன். பத்து போட்டுக்க. எழுதிக்க, பத்துக்குப் பத்து.”

“நீங்க ஒருத்தர் மாத்தி என்ன சார் ஆகும்? அந்தப் பக்கமும் ரெண்டுதான்.”

வைரக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. நாற்பது நாள். கடத்துக்குத் துள்ளியது, மூச்சைப் பிடித்தது, விளம்பரப் பாட்டுக்குச் சிரித்தது, எல்லாம் இரண்டு மார்க்குக்குத்தானா?

“என்ன எழுதிருக்காங்க? படி.”

“அதெல்லாம் படிக்கக் கூடாது சார்.”

“மூடின கடைல என்னம்மா ரகசியம்? படி.”

ஷெரின் ஒரு பெருமூச்சு விட்டாள். பிறகு, பள்ளிக்கூடப் பிள்ளை பாடம் ஒப்பிக்கிற மாதிரி, ஏற்ற இறக்கம் இல்லாமல் படித்தாள்.

“‘சரக்கு சுமார். இதைவிட நல்லதெல்லாம் கேட்டாச்சு. ஒயர் குட்டை. திருப்பி எடுத்துட்டுப் போற கூலி உங்களுக்கு எதுக்கு வீணா, வேணும்னா இங்கேயே ஒரு ஓரமாக் கிடக்கட்டும்.’”

வைரக்கண்ணு இன்னொரு முறை படிக்கச் சொன்னார். படித்தாள். அவருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். நீர் வந்த பிறகு சிரிப்பு நின்றுவிட்டது, நீர் நிற்கவில்லை.

“சார்? ஏன் சார் சிரிக்கறீங்க?”

“எந்த ஊர்க் கடத்தெருன்னு தெரியல ஷெரின்ம்மா. ஆனா கடத்தெருலதான் பொறந்திருக்கு.”

“புரியல.”

“இது வேணாம்னு எழுதினதில்லம்மா. எதக் குடுத்தாவது வாங்கிரணும்னு எழுதினது.”

“அத அப்படியே எழுதிருக்கலாமே சார்?”

அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். அவர் சட்டைக் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“அவங்ககிட்ட நான் ஒரு வார்த்தை பேசணும்.”

“அதுக்கு வழியே இல்ல சார். பேர்கூட எங்க கைல இல்ல, வெறும் கோடு நம்பர்தான். போன்கூட கம்பெனி சிஸ்டம்தான் போட்டுக் குடுக்கும். ஆனா உங்களுக்கு முன்னாடி அவங்களுக்குத்தான் போன் பண்ணேன். அவங்களும் உங்க ரிப்போர்ட்ட படிக்கச் சொல்லி அடம் புடிச்சாங்க.”

“படிச்சியா?”

“பெயிண்ட் சரியில்லன்னு எழுதிருந்தீங்கல்ல, அது வரைக்கும் படிச்சேன். அங்கயும் ஒரே சிரிப்பு. அப்புறம் போன வெச்சிட்டாங்க.”

மணி நாலு நாற்பத்தொன்று. அவர் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு ஹெட்போனை மாட்டினார். சுவிட்ச் பி பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார். நாற்பதாவது நாள் என்றாலும் தேதி ஒற்றை, பாட்டு அவர் முறை. பட்டியலை மேலும் கீழும் தள்ளினார். கடம் வேண்டாம். மேடைக் கச்சேரியும் வேண்டாம். எதைப் போட்டாலும் கவனம் பாட்டின் மேல்தான் போகும்.

பெட்டிகளை ஒப்பிடுகிறவர்கள் செய்கிற சோதனை ஒன்று உண்டு. பாட்டே போடாமல், வால்யூமை முழுக்க ஏற்றிவிட்டு, வெறும் பெட்டி தன்பாட்டுக்கு என்ன இரைச்சல் போடுகிறது என்று கேட்பது. அவர் அதைச் செய்தார். வெற்றுத் தடம் ஒன்றை ஓடவிட்டு, குமிழைக் கடைசி வரை திருப்பினார்.

ஒன்றும் இல்லை. அப்புறம், மிகவும் அடியில், அது இருந்தது. திரும்பி வந்து உட்கார்ந்திருந்தது. பாட்டு எதுவும் வராததால் முதலில் கொஞ்சம் தேடியது. பிறகு தேடுவதை நிறுத்தியது. பெட்டிக்குள் வேறு சரக்கில்லை என்பதை அந்த ஆளும் புரிந்துகொண்டிருக்க வேண்டும். ஏனென்றால் அந்தச் சன்னமான ஒலி மெல்லத் திரும்பி, முழுசாக, இவர் பக்கம் நின்றது. இவர் கேட்பதை அது கேட்டது. அது கேட்பதை இவர் கேட்டார். உதட்டைப் பிதுக்க அங்கே இடமே இல்லை. இரண்டடி நடந்து காட்டவும் வழியில்லை. வைரக்கண்ணு அசையாமல் இருந்தார். அந்தப் பக்கமும் யாரோ அசையாமல் இருந்தார்கள்.

ஐந்து மணிக்கு ஏதாவது டிக்கென்று அறுபடும் என்று நினைத்திருந்தார். அப்படி எதுவும் கேட்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்தபோது ஐந்து ஏழு. எந்த நிமிஷத்தில் போனது என்று அவரால் சொல்ல முடியவில்லை. ஹெட்போனைக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவர் காது மட்டும் உள்ளுக்குள் தன் சின்னச் சத்தத்தைப் போட்டுக்கொண்டே இருந்தது. எடுத்துப் போக ஆள் இல்லாமல்.